இஸ்டால் பெண் யார்? 1970இல் நார்வேயில் இறந்த பெயர் தெரியாத பெண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், என்னதான் நடந்தது?

1970 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரை ஒட்டி உல்ரிக்கன் என்று ஒரு மலை. பெர்கனில் இன்று வாழும் ஈழத்தமிழர்களுக்குத் தினம் கண்ணில் படும் மலைதான். அதன் அடிவாரத்தில் இஸ்டாலன் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அன்று ஒருவர் தன் இரண்டு சிறு பெண் பிள்ளைகளோடு அங்கே நடக்கப் போனார். பாறைகள் சரிந்து கிடக்கும் ஓர் இடத்தில் எரிந்த நிலையில் ஒரு பெண்ணின் உடல் கிடப்பதைப் பார்த்தார்கள். உடலின் முன்பக்கம் எரிந்துபோய் முகம் அடையாளம் தெரியாத நிலையில் இருந்தது.

யார் இவர் என்று அன்று கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. நார்வேயில் இவரை இஸ்டால் பெண் என்கிறார்கள், வேறு பெயர் தெரியாததால்.

அந்த இடத்தை மரணப் பள்ளத்தாக்கு என்கிறார்களே, ஏன்?

பழைய காலத்தில் அங்கே தற்கொலைகள் நடந்ததாக ஊரில் பேச்சு உண்டு. அப்புறம் 1960களில் மலையேறப் போனவர்கள் சிலர் பனிமூட்டத்தில் வழி தவறி விழுந்து இறந்தார்கள். அந்தப் பெயரை வைத்து நிறைய பேர் பேய்க்கதை மாதிரி எழுதுகிறார்கள். வழக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உடலுக்குப் பக்கத்தில் என்ன கிடைத்தது?

காலியான செயின்ட் ஹால்வார்ட் மதுப் புட்டி, இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள், பாஸ்போர்ட் வைக்கும் பிளாஸ்டிக் உறை, ரப்பர் பூட்ஸ், கம்பளிச் சட்டை, கழுத்துத்துணி, நைலான் காலுறை, குடை, கைப்பை, தீப்பெட்டி. உறை இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. சுற்றிலும் எரிந்த காகிதத்தின் தடயம். உடலுக்கு அடியில் ஒரு மென்மயிர்த் தொப்பி, அதில் பெட்ரோல் தடயம் இருந்தது பிறகு பரிசோதனையில் தெரிந்தது.

ஒரு கைக்கடிகாரம், இரண்டு காதணிகள், ஒரு மோதிரம் ஆகியவை அவர் உடலில் இல்லாமல் பக்கத்தில் இருந்தன. அவை வைக்கப்பட்டிருந்த விதத்தைப் பார்த்தால் ஏதோ சடங்கு செய்தது போலத் தோன்றியது என்று அங்கே போன தடயவியல் அதிகாரி ஒருவர் பல வருடம் கழித்தும் சொன்னார்.

துணிகளில் இருந்த லேபிள்கள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. பாட்டில்களில் இருந்த அடையாளங்கள்கூடச் சுரண்டப்பட்டிருந்தன. எந்தக் கடையில் வாங்கியது, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கண்டுபிடிக்க முடியாதபடி யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை அது.

பிரேதப் பரிசோதனை என்ன சொன்னது?

வயிற்றிலும் ரத்தத்திலும் ஃபெனிமால் என்ற தூக்க மாத்திரை இருந்தது. பினோபார்பிட்டால்தான் அதன் மருந்து, வலிப்பு நோய்க்கும் தூக்கத்துக்கும் அந்தக் காலத்தில் பரவலாகக் கொடுப்பார்கள். 50 முதல் 70 மாத்திரைகள் விழுங்கியிருப்பார் என்று கணக்கிட்டார்கள். உடல் பக்கத்திலும் சில மாத்திரைகள் கிடைத்தன. நுரையீரலில் கரிப்புகை இருந்தது. அதாவது தீ எரிந்தபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், உயிரோடு இருந்தார். இதைப் படித்துவிட்டு உடனே அடுத்த வரிக்குத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. மாத்திரையின் மயக்கமும் தீயிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு நஞ்சும் சேர்ந்து உயிரைப் பறித்தன என்பது மருத்துவர்களின் முடிவு. கழுத்தின் வலது பக்கம் ஒரு கன்றிய காயமும் இருந்தது. விழுந்ததால் வந்திருக்கலாம், அடி விழுந்தும் வந்திருக்கலாம்.

இன்னொரு முக்கியமான காரியம் செய்தார்கள். பற்களில் தங்க வேலை நிறைய இருந்தது, நார்வேயில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அதனால் தாடையைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். உள்ளுறுப்புகளின் திசு மாதிரிகளும் பெர்கன் மருத்துவமனைக் காப்பகத்தில் சேர்ந்தன. 46 வருடம் கழித்து வழக்குக்கு உயிர் வந்ததே இவற்றால்தான்.

ரயில் நிலையத்தில் கிடைத்த பெட்டிகள் அவருடையவைதான் என்று எப்படித் தெரியும்?

உடல் கிடைத்துச் சில நாட்களில் பெர்கன் ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் இரண்டு சூட்கேஸ்கள் கிடைத்தன. அதிலிருந்த குளிர்க்கண்ணாடியில் பாதி விரல் ரேகை ஒன்று பதிந்திருந்தது. அது இறந்த பெண்ணின் ரேகையோடு பொருந்தியது.

உள்ளே உடைகள், ஒப்பனைப் பொருட்கள், விக், பவர் இல்லாத வெறும் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி, வரைபடங்கள், கால அட்டவணைகள், நார்வே பணம், பெல்ஜியம், பிரிட்டன், சுவிட்சர்லாந்து நாணயங்கள். ஒரு பெட்டியின் உள்துணிக்கு அடியில் ஐந்நூறு ஜெர்மன் மார்க் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. தோல் அரிப்புக்குப் போடும் களிம்பு ஒன்றும் இருந்தது, அதில் மருத்துவர் பெயரும் தேதியும் இருக்க வேண்டிய இடம் சுரண்டப்பட்டிருந்தது. இங்கேயும் துணிகளில் லேபிள் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "கொலைகாரன்தான் லேபிளை வெட்டினான்" என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் பெட்டிகள் மலையில் இல்லை, ரயில் நிலையத்தில் பூட்டிய அறையில் இருந்தன, அவற்றிலும் அதே வேலை நடந்திருக்கிறது. அப்படியென்றால் தன்னை மறைத்துக்கொண்டது பெரும்பாலும் அந்தப் பெண்ணேதான், அதுவும் சாவதற்கு வெகு நாள் முன்பிருந்தே. லேபிள் இல்லாததை வைத்து மட்டும் கொலை என்று சொல்லிவிட முடியாது.

அவர் எங்கெங்கே தங்கினார் என்பதைப் போலீஸ் எப்படிக் கண்டுபிடித்தது?

பெட்டியில் இருந்த ஒரு செருப்புக் கடைப் பையால். ஸ்டவங்கர் நகரத்தில் இருந்த கடை. கடைக்காரரின் மகனுக்கு அந்தப் பெண்ணை நினைவிருந்தது. நல்ல உடை உடுத்தியவர், கருமையான முடி, ரப்பர் பூட்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார், பூண்டு வாசம் வந்தது என்று சொன்னார். அந்த வாசத்தைத்தான் இத்தனை வருடமாக எல்லோரும் எழுதுகிறார்கள், அன்றைய நார்வே சமையலில் பூண்டு அரிது என்பதால் அது மனதில் நின்றிருக்கிறது.

அந்தக் கடையிலிருந்து ஸ்டவங்கரில் செயின்ட் ஸ்வித்துன் ஹோட்டலுக்குப் போனார்கள். அங்கே அவர் பெயர் ஃபெனெல்லா லோர்ச். அந்தப் பெயரில் அப்படி ஒருவரே இல்லை. அன்றைக்கு வெளிநாட்டவர் ஹோட்டலில் தங்கினால் பாஸ்போர்ட் விவரம் எழுதிப் படிவம் நிரப்ப வேண்டும். படிவங்களின் கையெழுத்தை ஒப்பிட்டுக்கொண்டே போனபோது ஊருக்கு ஊர் வேறு வேறு பெயர்கள் வந்தன. ஓஸ்லோவில் ஜெனவியேவ் லான்சியே. பெர்கனில் க்ளாடியா டீல்ட். அப்புறம் அதே பெர்கனில் அலெக்ஸியா என்று ஆரம்பிக்கும் ஒரு பெயர். ட்ரொண்ட்ஹைமில் வேரா யார்லே. கடைசியாக மறுபடி பெர்கனில் எலிசபெத் லீன்ஹவ்வர், பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் நகரத்தைச் சேர்ந்தவர் என்று எழுதியிருந்தார். பெரும்பாலும் பெல்ஜியக்காரர் என்றே எழுதினார். பெல்ஜியப் போலீஸிடம் கேட்டபோது எந்தப் பெயரும் நிஜமில்லை என்று தெரிந்தது.

பெயருக்கு ஒரு பாஸ்போர்ட் என்றால் அவரிடம் எத்தனை போலிப் பாஸ்போர்ட் இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 1970இல் அது தனி ஒருவர் சும்மா செய்துகொள்ளக்கூடிய காரியம் இல்லை. பின்னால் யாரோ இருந்தார்கள் என்று நான் நம்புவதற்கு இதுதான் பெரிய காரணம், விக்கோ கண்ணாடியோ இல்லை.

அந்தச் சங்கேதக் குறிப்பு?

பெட்டியில் ஒரு சிறு நோட்டில் எழுத்தும் எண்ணும் கலந்து வரிசையாக எழுதியிருந்தது. ரகசியச் செய்தி என்று எல்லோரும் பரபரத்தார்கள். உடைத்துப் பார்த்தால் அது பயணக் குறிப்பு. மாதத்தின் முதல் எழுத்து, தேதி, ஊரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். அக்டோபர் 22 முதல் 28 வரை பாரிஸ், 30 முதல் நவம்பர் 5 வரை பெர்கன் என்று ஹோட்டல் படிவங்களோடு சரியாகப் பொருந்தியது. பல பெயரில் பல ஊரில் திரியும் ஒருவர், எந்தத் தேதியில் எங்கே இருந்தோம் என்று குழம்பாமல் இருக்க எழுதிவைத்த குறிப்பு மாதிரிதான் எனக்குப் படுகிறது.

ஹோட்டலில் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

உயரம் சுமார் 164 சென்டிமீட்டர், வட்ட முகம், பழுப்புக் கண்கள், கருமையான முடி. அழகாக உடுத்துவார். ஜெர்மனும் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசினார், ஆங்கிலம் அரைகுறை. வியாபார விஷயமாகச் சுற்றுகிறேன், பழம்பொருள் வியாபாரம் என்று சொல்லியிருக்கிறார். அறைக்குப் போன பிறகு வேறு அறை வேண்டும் என்று மாற்றிக் கேட்பார்.

கடைசியாகத் தங்கியது பெர்கனின் ஹோர்டாஹைமன் ஹோட்டல், 407ஆம் எண் அறை. நவம்பர் 19 முதல் 23 வரை. பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வரவில்லை, எதற்கோ எச்சரிக்கையாக இருந்தது போலத் தெரிந்தது என்றார்கள் ஊழியர்கள். 23ஆம் தேதி காலை ரொக்கமாகக் காசு கொடுத்துவிட்டு டாக்ஸி வரவழைத்துப் போனார். அதற்கும் 29ஆம் தேதிக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த வழக்கின் முழு இருட்டு.

தற்கொலையா, கொலையா?

போலீஸ் சொன்ன முடிவு, பெரும்பாலும் தற்கொலை. சில வாரங்களிலேயே அந்த முடிவுக்கு வந்து, அதோடு கிட்டத்தட்ட மூடிவிட்டார்கள். விசாரித்த அதிகாரிகளில் சிலருக்கே அது அப்போதும் ஒப்பவில்லை, பிற்பாடும் ஒப்பவில்லை.

இரண்டு பக்கமும் நேர்மையாகப் பார்க்கலாம். தற்கொலை என்று சொல்பவர்களிடம் மாத்திரைக் கணக்கு இருக்கிறது. 50க்கு மேல் மாத்திரையை ஒருவருக்கு வலுக்கட்டாயமாக விழுங்க வைப்பது சுலபமில்லை. நகையைக் கழற்றி வைத்ததையும் தானாக முடிவெடுத்த ஒருவரின் செயலாகப் பார்க்க முடியும். மறுபக்கம், அத்தனை மாத்திரை போட்டவர் அந்தக் குளிரில், பாதையை விட்டு விலகிய பாறைச் சரிவில் உட்கார்ந்து பெட்ரோல் ஊற்றித் தீயும் வைத்துக்கொண்டாரா? மாத்திரையே கொன்றிருக்குமே, தீ எதற்கு? பாஸ்போர்ட் எங்கே போனது? பெட்டியை ரயில் நிலையத்தில் வைத்தவர் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடுதானே வைத்திருப்பார்?

என் கருத்தைக் கேட்டால், இறந்தபோது அவர் தனியாக இல்லை என்று நினைக்கிறேன். தீ முகத்தையும் முன்பக்கத்தையும் அழித்திருக்கிறது, அடையாளத்தை அழிப்பதில் யாருக்கோ அக்கறை இருந்திருக்கிறது. ஆனால் இது என் ஊகம், நிரூபணம் அல்ல. "கண்டிப்பாகக் கொலை" என்று அடித்துச் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால், மாத்திரை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் அதை ஒரே வரியில் கடந்துபோயிருப்பார்கள்.

அவர் உளவாளியா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். நார்வே நேட்டோவின் ஸ்தாபக உறுப்பு நாடு, சோவியத் யூனியனோடு எல்லையைப் பகிர்ந்த நாடு. அப்போது நார்வே பென்குயின் என்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணையை மேற்குக் கரையில் ரகசியமாகச் சோதித்துக்கொண்டிருந்தது. பிற்பாடு வெளியான ராணுவ ஆவணங்களைப் பார்த்தால், அந்தப் பெண் போன இடங்களும் நாட்களும் சில சோதனைகளோடு ஒத்துப்போகின்றன. ஸ்டவங்கர் பக்கத்தில் ராணுவ நடமாட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்ததாகவும் அது இவர்தான் என்றும் ஒரு மீனவர் சொன்னதாக அந்த ஆவணத்தில் பதிவு இருக்கிறது.

அன்றைக்கு பெர்கன் போலீஸ் தலைவராக இருந்த அஸ்பியோர்ன் ப்ரீன், அதற்கு முன் ஏறத்தாழ இருபது வருடம் நார்வேயின் உளவுத்தடுப்புப் போலீஸுக்குத் தலைவர். அப்படிப்பட்டவர் தலைமையில் விசாரணை சீக்கிரம் முடிந்தது என்பதால் ஏதோ மூடி மறைக்கப்பட்டது என்ற சந்தேகம் எழுந்தது. மூன்று வருடம் கழித்து 1973 ஜூலையில் லில்லஹாமர் என்ற நார்வே ஊரில் இஸ்ரேலின் மொசாத் ஆட்கள் தவறான ஆளைச் சுட்டுக் கொன்றார்கள். மொராக்கோவைச் சேர்ந்த ஓர் அப்பாவி, ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவர், கர்ப்பிணி மனைவியின் கண் முன்னால் இறந்தார். அமைதியான நார்வேயில் உளவு அமைப்புகள் நடமாடின என்பதற்கு அது நிஜச் சாட்சி. அதிலிருந்து இஸ்டால் பெண்ணையும் அந்தப் பக்கம் இழுத்துக் கதை கட்டினார்கள், ஆனால் இரண்டையும் இணைக்கும் ஆதாரம் ஒன்றுகூட இல்லை.

எனக்கு இதில் பாதி சந்தேகம். பயிற்சி பெற்ற உளவாளி யார் கண்ணிலும் படாமல் போகத்தான் பார்ப்பார். இவரைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இவர் நினைவிருந்தது. உடை நினைவிருந்தது, நடை நினைவிருந்தது, வாசம்கூட நினைவிருந்தது. பணமோ கடிதமோ சரக்கோ கைமாற்றும் கூரியராக யாருக்காவது வேலை செய்திருக்கலாம், அந்த யாரோ ஓர் அரசாங்கமாகவும் இருக்கலாம், கடத்தல் கும்பலாகவும் இருக்கலாம்.

மலையில் இரண்டு ஆண்களோடு பார்த்ததாக ஒரு சாட்சி இருக்கிறதே?

இருக்கிறது. 1970இல் 26 வயதாக இருந்த பெர்கன்காரர் ஒருவர், 2005இல் ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். உடல் கிடைப்பதற்கு ஐந்து நாள் முன்பு ஃப்ளோயன் மலைப் பக்கம் நடக்கப் போனபோது ஒரு பெண் எதிரே வந்தார், மலைக்கு ஏற்ற உடையில்லை, நகரத்தில் போடும் மெல்லிய உடை. பின்னால் கோட்டுப் போட்ட இரண்டு ஆண்கள், தெற்கு ஐரோப்பியர் மாதிரித் தோற்றம். அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போனது போல இருந்ததாம். போலீஸில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் அப்போதே சொன்னதாகவும், மறந்துவிடு என்று பதில் வந்ததாகவும் சொன்னார்.

1991இல் பெயர் சொல்ல விரும்பாத ஒரு டாக்ஸி ஓட்டுநர், அந்தப் பெண்ணை ஹோட்டலில் ஏற்றிய பிறகு ஓர் ஆணும் சேர்ந்துகொண்டு ரயில் நிலையம் வரை வந்ததாகச் சொன்னார். இரண்டும் பல வருடம் கழித்து வந்த சாட்சியங்கள். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் இதே கதையைச் செய்தித்தாளில் இருபது, முப்பது வருடம் படித்த பிறகு மனித நினைவு எதை எதோடு ஒட்டும் என்பதை யாரும் உறுதி சொல்ல முடியாது.

விரல் ரேகைகளை அரத்தால் தேய்த்து அழித்திருந்தார்கள் என்று படித்தேனே?

நம்ப வேண்டாம். ரேகை பொருந்தியதால்தான் பெட்டிகள் அவருடையவை என்றே தெரிந்தது.

அவரை எங்கே அடக்கம் செய்தார்கள்?

1971 பிப்ரவரி 5 அன்று பெர்கனின் மோலெண்டால் கல்லறைத் தோட்டத்தில், கத்தோலிக்க முறைப்படி. வந்தவர்கள் பெர்கன் போலீஸ்காரர்கள் பதினாறு பேர். துத்தநாகப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள், எப்போதாவது உறவினர் வந்து கேட்டால் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பதற்காக. சடங்கைப் படம் எடுத்து ஆல்பமாகவும் வைத்தார்கள், அதே உறவினருக்காக. விசாரணையில் அந்தப் போலீஸ் மேல் எத்தனை குறை சொன்னாலும் இதைச் செய்ததற்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

பற்கள் என்ன சொல்லின?

2016இல் நார்வேயின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கேயின் செய்தியாளர்கள் இந்த வழக்கை மறுபடி கையில் எடுத்தார்கள். தேசியக் குற்றவியல் போலீஸான கிரிபோஸும் பெர்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டன. தொலைந்தது என்று நினைத்த தாடை காப்பகத்தில் கிடைத்தது. 2018இல் பிபிசியும் என்ஆர்கேயும் சேர்ந்து இதை ஒலித்தொடராக வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கத் தெரிந்த வழக்காகிவிட்டது.

பல் எனாமல் சின்ன வயதில் உருவாகும், அதற்குப் பிறகு மாறாது. நாம் குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீரின் ஆக்சிஜன் ஐசோடோப்பும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை, அதன் விகிதம் ஊருக்கு ஊர் மாறும்), அந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிட்டதால் வந்த ஸ்ட்ரோன்டியம் ஐசோடோப்பும் அதில் அப்படியே நிற்கும். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு வயதில் உருவாவதால், வெவ்வேறு பற்களைச் சோதித்தால் குழந்தைப் பருவத்தில் ஊர் மாறியதும் தெரியும். இவருடைய பற்களின்படி, ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்திலோ அதன் அருகிலோ பிறந்து, சிறு வயதிலேயே மேற்கே, பிரான்ஸுக்கோ பிரான்ஸ் ஜெர்மனி எல்லைப் பகுதிக்கோ போயிருக்கிறார். கையெழுத்தை ஆராய்ந்தவர்கள் முன்பே பிரான்சிலோ பக்கத்து நாட்டிலோ எழுதப் படித்தவர் என்று சொன்னது இதோடு பொருந்துகிறது.

அடுத்து வயது. 1950களில் ஆரம்பித்து வானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 அளவு ஏறியது. அதற்கு முன் உருவான பல்லில் அந்தச் சுவடு இருக்காது. கார்பன் சோதனையும் மற்ற ஆய்வுகளும் சேர்ந்து, 1930ஐ ஒட்டிப் பிறந்தவர், நாலு வருடம் முன்பின் இருக்கலாம் என்று காட்டின. அப்படியென்றால் சாகும்போது வயது நாற்பதை ஒட்டி. ஹோட்டல் படிவங்களில் இன்னும் குறைந்த வயதைத்தான் சொல்லியிருந்தார். திசு மாதிரியிலிருந்து டிஎன்ஏவும் எடுத்தார்கள், தாய்வழிப் பிரிவு எச்24, ஐரோப்பிய வம்சாவளி.

பிறந்த ஊரே தெரிந்துவிட்டதே, அந்த ஊர்ப் பதிவேட்டில் தேடினால் என்ன?

ஊர் என்றால் ஒரு கிராமம் இல்லை, ஒரு பெரிய நகரமும் சுற்றுவட்டாரமும். இன்னொன்று, அந்த ஊர் எது, அந்த வருடம் எது என்று பாருங்கள். 1930 வாக்கில் நியூரம்பர்க்கில் பிறந்த பெண் குழந்தை. நாஜிகளின் பெருங்கூட்டங்கள் நடந்த நகரம். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935இல் அங்கேதான் அறிவிக்கப்பட்டன. 1945 ஜனவரி 2 இரவு குண்டுவீச்சில் பழைய நகரம் ஏறக்குறைய முழுதும் அழிந்தது. அந்த வருடங்களில் ஒரு குழந்தை மேற்கு நோக்கிப் போனதற்கு எத்தனையோ காரணம் இருக்க முடியும். தப்பி ஓடிய குடும்பமாக இருக்கலாம், பெற்றோரை விட்டுப் பிரித்து அனுப்பப்பட்ட பிள்ளையாக இருக்கலாம், வேலைக்காக இடம் மாறிய சாதாரணக் குடும்பமாகவும் இருக்கலாம்.

இதை யோசிக்கும்போது விக்கும் போலிப் பாஸ்போர்ட்டும் எனக்குச் சின்ன விஷயமாகிவிடுகிறது. குடும்பமே போரில் அழிந்திருந்தால் 1970இல் இவரைக் காணவில்லை என்று புகார் கொடுக்க யார் இருந்திருப்பார்கள்? படிவத்தில் சொன்ன குறைந்த வயதுப் பெண்ணைத் தேடியவர்கள் நாற்பது வயதுப் பெண்ணைத் தேடியிருக்க மாட்டார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

பிரான்சில் ஒருவர் அவரைத் தெரியும் என்றாராமே?

2019இல். ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஃபோர்பாக் என்ற பிரெஞ்சு ஊர்க்காரர். 1970 கோடையில் இந்தப் பெண்ணோடு தனக்கு உறவு இருந்தது என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் சொன்னார். பல மொழி தெரிந்தவர், தன்னைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார், வெளிநாட்டிலிருந்து குறித்த நேரத்தில் தொலைபேசி அழைப்பு வரும், அவர் பொருட்களில் விக்குகள் பார்த்தேன் என்றார். குதிரை மேல் உட்கார்ந்த ஒரு பெண்ணின் படமும் கொடுத்தார். பல் காட்டிய எல்லைப் பகுதியும் இதுவும் ஒன்றாக இருப்பது கவனிக்க வேண்டியதுதான். ஆனால் பல் ஆய்வின் முடிவு 2017லேயே செய்தியில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த சாட்சியத்தை அதற்கான ஆதாரமாக எடுக்க முடியாது.

டிஎன்ஏ இருக்கிறது, அப்புறம் ஏன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை?

டிஎன்ஏ பெயரைச் சொல்லாது, ஒப்பிட இன்னொருவர் வேண்டும். போலீஸ் தரவுத்தளங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் குற்றவாளிகளும் காணாமல் போனவர்களின் உறவினர்களும்தான், அங்கே யாரும் பொருந்தவில்லை. வம்சாவளித் தளங்களில் தேடினால் தூரத்து உறவுகள் கிடைக்கும், அங்கிருந்து குடும்ப மரம் போட்டுக் கீழே இறங்கி வரலாம்.

ஆஸ்திரேலியாவில் 1948இல் கடற்கரையில் இறந்து கிடந்த சோமர்டன் மனிதரைத் தெரிந்திருக்கும், அங்கேயும் சட்டையில் லேபிள் இல்லை, அங்கேயும் உளவாளிக் கதை. அவர் முகத்தில் எடுத்த பிளாஸ்டர் அச்சில் ஒட்டியிருந்த முடியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, 2022இல் பேராசிரியர் டெரெக் அபோட்டும் அமெரிக்க மரபணு வம்சாவளி ஆய்வாளர் கோலீன் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் அவர் கார்ல் வெப் என்ற மெல்போர்ன்காரர், மின்பொறியாளர் என்று அறிவித்தார்கள். எழுபது வருட உளவுக் கதைகளுக்கு அடியில், மனைவியைப் பிரிந்த ஒரு சாதாரண மனிதர் இருந்தார்.

இஸ்டால் பெண்ணுக்கு இது கடினமாவதற்குக் காரணம், அந்தத் தளங்களில் அமெரிக்கர்கள் அளவுக்கு ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரர்களும் இல்லை. பிரான்சில் பொழுதுபோக்காக வம்சாவளி டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்வதே சட்டப்படி அனுமதி இல்லாத காரியம். ஐரோப்பாவின் தனியுரிமை விதிகளும் கடுமை.

டிஎன்ஏ இல்லாமலும் நடக்கும். 2023இல் இன்டர்போலும், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் போலீஸும் சேர்ந்து, பெயர் தெரியாமல் இறந்த 22 பெண்களின் விவரங்களைப் பொதுவில் வெளியிட்டன. சில மாதத்திலேயே, 1992இல் ஆண்ட்வெர்ப்பில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணை, கையில் பச்சை குத்தியிருந்த பூவைச் செய்தியில் பார்த்து பிரிட்டனில் இருந்த குடும்பம் அடையாளம் கண்டது. 31 வருடம் கழித்து. அதனால் இது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

கொலை என்று தெரியவந்தால் யாரையாவது தண்டிக்க முடியுமா?

முடியாது. நார்வேயில் அப்போது கொலைக்கு வழக்குத் தொடர 25 வருடக் காலவரம்பு இருந்தது. 1970 சம்பவத்துக்கு அது 1995இல் முடிந்துவிட்டது. 2014இல் அந்தக் காலவரம்பை எடுத்தார்கள், ஆனால் ஏற்கெனவே காலாவதியான வழக்குகளுக்கு அது பொருந்தாது. அதனால்தான் யார் கொன்றது என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் குறைவு. நீதிமன்றத்தால் இனி எதுவும் ஆகாது. பெயர் கண்டுபிடிப்பது மட்டும் இன்னும் நடக்கக்கூடியது, அதுதான் அவருக்குப் பாக்கி வைத்திருக்கும் கடன்.

உபயோகமான தகவல் என்றால் எது? யாரிடம் சொல்வது?

கோட்பாடுகள் வேண்டாம், அவை போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கின்றன. 1926க்கும் 1934க்கும் இடையில் நியூரம்பர்க் பக்கம் பிறந்து, போருக்கு முன்போ போரின்போதோ ஜெர்மன் எல்லையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதிகளான அல்சாஸ், லொரேன் அல்லது பெல்ஜியம் பக்கம் போய், 1970 முடிவோடு தொடர்பு அறுந்துபோன ஓர் அத்தை, ஒரு பெரியம்மா, பக்கத்து வீட்டுப் பெண் பற்றி அந்தப் பகுதிக் குடும்பங்களில் யாராவது பேசியிருந்தால் அதுதான் தகவல். தங்கப் பல் வேலை நிறைய இருந்ததா, தோல் அரிப்பு இருந்ததா என்று நினைவிருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் ஸ்ட்ராஸ்பூர்க்கிலோ ஜெர்மனியிலோ இருந்து, தெரிந்த முதியவர் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால், அங்கிருக்கும் போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாலே போதும். இன்டர்போல் இந்த வழக்குக்கு, அடையாளம் தெரியாத உடலுக்கான கறுப்பு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது, அங்கிருந்து நார்வேக்குப் போய்ச் சேரும்.